சட்டை முதுகில் ஒரு வாடை

போன வாரம் ஒரு நாள் அண்ணி குளியலறையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சோப்பு, கண்ணில் தண்ணீர். நுரை பட்டுக் கண் எரிந்ததால் வந்த தண்ணீர் இல்லை அது. பல வருஷமாகச் செத்துக் கிடந்த மூக்கில் அந்தச் சோப்பு திடீரென்று மணத்ததால் வந்தது.

அதைப் பற்றி அவள் இன்னும் யாரிடமும் மூச்சு விடவில்லை. காரணம் இருக்கிறது. முன்பு ஒரு தடவை ஆஸ்துமா முற்றிப்போய் ஸ்டீராய்டு மாத்திரையை அள்ளி அள்ளி விழுங்கியபோது இதே மாதிரி வாசனை திரும்பி வந்தது. வீடே கொண்டாடியது. மாத்திரை நின்றதும் வாசனையும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. அன்று வீட்டில் இருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த அனுதாபத்தை இன்னொரு தடவை தாங்க அவளுக்குத் தெம்பு இல்லை.

ஆனால் இந்தத் தடவை மாத்திரை இல்லை. தினசரி இழுக்கும் இன்ஹேலரும், மாதம் ஒருமுறை தொடையில் போடும் ஆன்டிபாடி ஊசியும்தான். வந்த வாசனை தங்குமா, தங்காதா? அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரமாக வீட்டுக்குள் துப்பறிந்துகொண்டிருக்கிறாள். தலையணை உறை, கதவுத் தாழ்ப்பாள், பல்பொடி டப்பா, யாரும் பார்க்காத நேரத்தில் எதுவும் அவள் மூக்குக்குத் தப்பவில்லை.

இன்று காலை அந்தத் துப்பறிதல் கணவரின் சட்டையில் வந்து நின்றது.

முந்தின நாள் அவர் போட்டிருந்த சட்டை. பட்டன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தைக்கலாம் என்று எடுத்தவள் இந்த ஒரு வாரப் பழக்கத்தில் முகத்தருகே கொண்டு போனாள். சிகரெட் வாடை.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

கோபம் வந்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு ஆர்வம் வந்தது. அவள் அப்படித்தான். காலரை மோந்தாள், வியர்வை. கைமடிப்பை மோந்தாள், சலவை சோப்பு. பாக்கெட்டில் சில்லறை உலோக வாடை. முன்பக்கம் முழுக்கச் சுத்தம். முதுகில் மட்டும், தோள்பட்டைக்குக் கீழே ஒரு கையகலத்துக்கு, சிகரெட். அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று. காரமா, இனிப்பா, மருந்தா? நன்றாகத் தெரிந்த வாசனைதான். பெயர்தான் வரவில்லை.

சிகரெட் பிடிப்பவனுக்கு முதுகில் எப்படி நாறும்? இந்தக் கேள்வியைச் சட்டையோடு சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் கடைக்குக் கிளம்பினாள்.

கடை என்றால் சலவைக் கடை. பெரிய வாஷிங் மெஷின், ட்ரையர், இஸ்திரி மேஜை எல்லாம் பின்கட்டில். முன்னறையில் அண்ணி உட்கார்ந்து கிழிசல் தைப்பாள், பட்டன் வைப்பாள், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பாள். வாடிக்கையாளர்கள் எல்லோருக்குமே அவள் அண்ணிதான், அவள் கணவர் அண்ணன்தான். மிச்சம் இருப்பது அண்ணனின் தங்கை. அவளுக்கு அந்தக் கடையில் பெயர் மூக்கி.

காரணப் பெயர். துவைத்து உலர்ந்த எந்தத் துணியும் மூக்கியின் மூக்கைத் தாண்டாமல் ஹேங்கருக்குப் போகாது. காலர், அக்குள், மடிப்பு, மூன்று இடத்திலும் முகர்ந்து பார்த்து அவள் தலையை ஆட்டினால்தான் இஸ்திரி. ஆட்டாவிட்டால் மறுபடியும் மெஷின். கடை ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் சட்டம். அண்ணிக்கு மூக்கு போன பிறகு, நாத்தனாரின் மூக்கை நம்பித்தான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பே ஓடியது.

இன்று கடையைத் திறந்த கையோடு ஹோட்டல் ரிசப்ஷன்காரர் கறுப்புக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நேத்து வாங்கிட்டுப் போன கோட்டு. ஈர வாடை அடிக்குது. இதைப் போட்டுட்டு நின்னா ரூம் கேட்டு வர்றவங்க திரும்பிப் போயிடுவாங்க."

பின்கட்டிலிருந்து மூக்கி வந்தாள். கோட்டை வாங்கி மூன்று இடத்திலும் முகர்ந்தாள்.

"ஒண்ணும் இல்லையே சார்."

"நல்லாப் பாரும்மா."

மறுபடியும் முகர்ந்தாள். "சத்தியமா ஒண்ணும் இல்ல. அண்ணி, நீங்களே…" என்று நீட்டியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, மறந்துட்டேன்."

அண்ணி கோட்டை வாங்கி மடிப்பதுபோல முகத்தருகே கொண்டு போனாள். மூடி வைத்த டிபன் டப்பாவை மறுநாள் திறந்தது போல இருந்தது. தன் மூக்கு பொய் சொல்லவில்லை என்பதில் ஒரு சந்தோஷம் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அது உட்கார்ந்தும் விட்டது.

தன் மூக்கு சரி என்றால் மூக்கியின் மூக்குக்கு என்ன ஆயிற்று?

"மறுபடி போட்டுத் தர்றோம் சார். கொஞ்சம் உக்காருங்க" என்றாள் அண்ணி.

அவருக்குப் பேச்சுத் துணை வேண்டும். "இன்னைக்குத்தானே ஆஸ்பத்திரி? அந்தப் புது ஊசி என்னதான் பண்ணுதாம்?"

இந்தக் கேள்வி என்றால் மூக்கிக்கு அல்வா மாதிரி. ஊசி ஆரம்பித்த நாளில் டாக்டரம்மாவைக் குடைந்து குடைந்து கேட்டவள் அவள்தான். மாதாமாதம் ஃபிரிட்ஜிலிருந்து பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியை எடுத்து, குளிர் விடும்வரை காத்திருந்து, அண்ணியின் தொடையில் அழுத்தி, க்ளிக் சத்தம் கேட்கும்வரை அசையாமல் பிடிப்பவளும் அவள்தான். அண்ணன் அந்த நேரத்தில் வாசலில் போய் வண்டியைத் துடைப்பார்.

"அது ஒண்ணுமில்ல சார். நம்ம ரத்தத்துல ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. வயித்துல புழு வந்தா அடிக்கறதுக்குன்னு வெச்சிருக்கற ஆளுங்க. அண்ணிக்குப் புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. அதுங்க வேலையத்துப் போய் மூச்சுக் குழாய்ல கூட்டம் போட்டு எல்லாத்தையும் வீங்க வெச்சிடுதுங்க. மூக்குலயும் அதே கதைதான்."

"அப்போ ஊசி அதுங்களைக் கொன்னுடுமா?"

"அங்கதான் விஷயம். அதுங்களைக் கூப்பிடறதுக்குன்னு ஒரு சேதி ரத்தத்துல ஓடுது. இந்த ஆன்டிபாடி அந்தச் சேதியைப் போற வழியிலயே பிடிச்சு வெச்சுக்கும். யாரும் கூப்பிடலேன்னா கூட்டம் எப்படிச் சேரும்? தானா குறைஞ்சிடும்."

"பலே" என்றார் ரிசப்ஷன்காரர்.

அண்ணி தையல் ஊசியில் நூலைக் கோத்தபடி நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிகரெட் பிடித்தால் மூக்கு மழுங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். சாயங்காலம் அண்ணி சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடுவாள். கடையைப் பூட்டிவிட்டு அண்ணனும் தங்கையும் ஒரே வண்டியில் வருவார்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அண்ணன் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு வருவது மூக்கியின் சின்ன வயசுப் பழக்கம்.

காலையிலிருந்து மடித்து வைத்திருந்த கேள்வி தானாகப் பிரிந்தது. அண்ணிக்கு அழுகை வந்தது. கணவர் என்றிருந்தால் சண்டை போட்டிருப்பாள். இவளிடம் எப்படிப் போடுவது?

அண்ணனுக்கு ஹோட்டல் டெலிவரி இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஆட்டோவுல போங்க, நான் நேரா அங்க வந்துடறேன்" என்று அவர் முன்னாடியே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆட்டோவில் நாத்தனாரும் அண்ணியும் ஒட்டி உட்கார்ந்துகொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் இன்று முடிவு சொல்கிற நாள். டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். இந்த ஊசி எல்லோருக்கும் கேட்கும் என்று உறுதி கிடையாது. சில மாதம் பார்ப்போம், திணறல் குறைந்தால் தொடரும், குறையாவிட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சாயங்காலம் கடையின் பின்கட்டுக்குத் திரைச்சீலை எடுக்கப் போன அண்ணி மூச்சு முட்டிச் சரிந்தாள். அவளை வாரித் தூக்கிக்கொண்டு ஓடியவள் மூக்கி. அந்த ஒரு திணறல் ஊசியின் கணக்கில் விழுந்துவிட்டால், பழையபடி மாத்திரை, உப்பிய முகம், படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடி தூங்கும் தூக்கம்.

அண்ணன் சொன்னபடி வந்து சேர்ந்தார். மூவரும் உள்ளே போனார்கள்.

டாக்டரம்மா ஊதச் சொன்னார். அண்ணி ஊதினாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். "அணுக்கள் நல்லா இறங்கியிருக்கு. ஊதறதும் பரவாயில்ல. ஆனா நடுவுல ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டீங்களே. அதுதான் உறுத்துது. ஊசி முழுசா வேலை செய்யலையா, இல்ல வேற ஏதாவது தூண்டிவிட்டுச்சா?" கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுல, கடையில, யாராவது புகை பிடிப்பாங்களா?"

"எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது டாக்டர்" என்றார் அண்ணன், கேள்வி முடிவதற்குள்.

மூக்கி தரையைப் பார்த்தாள்.

அண்ணி நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். சொன்னால் ஊசி பிழைக்கும். அண்ணன் முன்னால் இவள் தலை குனிவாள். சொல்லாவிட்டால்? இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து அவளுக்குத் தெரிந்தது. அதில் புகுந்துவிட்டாள்.

"டாக்டர், எனக்கு வாசனை தெரியுது."

அறையில் மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்போலருந்து?"

"ஒரு வாரமா."

"அந்தத் திணறலுக்குக் கொடுத்த மாத்திரை?"

"அது எப்பவோ முடிஞ்சுது. அதுக்கப்புறம் ரெண்டு ஊசி போட்டாச்சு. அப்புறம்தான் வந்தது."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே ஸ்கெட்ச் பேனா மாதிரி குச்சிகள். மூடியைக் கழற்றி மூக்குக்குக் கீழே பிடித்தால் ஒவ்வொன்றும் ஒரு வாசனை.

"கண்ணை மூடிக்கோங்க. இது?"

"எலுமிச்சம்பழம்."

"இது?"

அண்ணி இன்னொரு தடவை இழுத்து முகர்ந்தாள். காரம், இனிப்பு, மருந்து. காலையில் சட்டையில் பெயர் தெரியாமல் நின்றது இப்போது எதிரில் வந்து நின்றது.

"தெரியலையா?"

"தெரியுது. கிராம்பு."

"இது?"

"நனைஞ்ச சாக்ஸ்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மீன். ஆனா அரை மார்க் தரலாம்." குச்சிகளைத் திரும்ப அடுக்கினார். "மாத்திரை இல்லாம வாசனை திரும்பியிருக்குன்னா ஊசி மூக்கு வரைக்கும் போய் வேலை செஞ்சிருக்கு. நல்ல சேதி. ஆனா அந்த ஒரு நாள் ஏன் அப்படி ஆச்சுன்னு தெரியாம என்னால முழு மனசோட எழுத முடியாதும்மா."

"நான்தான் டாக்டர்."

மூக்கியின் குரல் அவளுடையது போலவே இல்லை.

"அன்னைக்கு ட்ரையர் பின்னாடி நின்னு நான் சிகரெட் பிடிச்சுட்டிருந்தேன். அண்ணி வர்ற சத்தம் கேட்டதும் செருப்புல போட்டு மிதிச்சுட்டேன். புகை அப்படியே நின்னுச்சு. அண்ணிக்குத்தான் வாசனை தெரியாதே, ஒண்ணும் ஆகாதுன்னு…" முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

"மூக்குக்குத் தெரியலேன்னா நெஞ்சுக்கும் தெரியாதுன்னு நினைச்சுட்டீங்க" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

அதைக் கேட்டபோது அண்ணிக்குச் சுரீரென்றது. மூக்கி ஒருத்தி மட்டுமா அப்படி நினைத்தாள்? வீடு முழுவதுமே அப்படித்தான் நினைத்திருந்தது. பெயின்ட் அடித்த அறையில் அவளைத்தான் படுக்கச் சொன்னார்கள். கரப்பான் மருந்து அடித்த அலமாரியை அவளைத்தான் துடைக்கச் சொன்னார்கள். உனக்குத்தான் வாசனை தெரியாதே என்றார்கள். அவளும் அப்படியே நம்பிச் செய்தாள்.

அண்ணி கையை நீட்டி நாத்தனாரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்படியே கணவரைப் பார்த்தாள். தங்கையைக் கண்டிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் கோபமே இல்லை. வாத்தியார் தன்னைத்தான் எழுப்பப் போகிறார் என்று நடுங்கிக்கொண்டிருந்த பையனுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் பெயரைக் கூப்பிட்டதும் வருமே, அந்த நிம்மதிதான் அவர் முகத்தில் இருந்தது.

"நான் போய் வண்டியை எடுத்துட்டு வர்றேன்" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

டாக்டரம்மா எழுதினார். ஊசி தொடரும். வீட்டிலும் கடையிலும் யாரும் புகை பிடிக்கக் கூடாது, இன்ஹேலரை நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தக் கூடாது, வாசனை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பெயின்ட், பூச்சி மருந்து பக்கம் போகக் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் நாத்தனாரும் அண்ணியும் நின்றார்கள். ஊசி தப்பித்த சந்தோஷத்தில் அண்ணிக்குச் சாலையில் போகிற லாரிப் புகைகூட முகர்ந்து பார்க்க வேண்டிய ஒன்றாகத் தோன்றியது. ஆனாலும் டாக்டரம்மா சொன்னதை நினைத்துக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படி அண்ணி தெரிஞ்சுது?" என்று கேட்டாள் மூக்கி. "நான் வாயைத் திறந்தப்ப நீங்க அதிர்ச்சி ஆகவே இல்லையே."

"காலையில அவர் சட்டையைப் பார்த்தேன். முதுகுல சிகரெட் வாடை. நீதானே பின்னாடி சாஞ்சுட்டு வருவ?"

மூக்கி நெற்றியைச் சுருக்கினாள். "எந்தச் சட்டை?"

"நேத்து போட்டிருந்தது."

"அண்ணி, உங்களுக்குத் திணறல் வந்த அன்னைக்குச் செருப்புல மிதிச்சேன் பாருங்க, அதுதான் கடைசி. அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல. மூக்குதான் இன்னும் சரியா திரும்பல."

"நிஜமாவா?"

"ஊசி போடற கை மேல சத்தியம். அதுவுமில்லாம, அண்ணன் வண்டியில நான் ஏறியே ரொம்ப நாளாச்சு. சாயங்காலம் ஆனா சிகரெட் ஞாபகம் வந்து பாடாப் படுத்துது. நடந்தா அடங்குது. அதனால நடந்தே வர்றேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வீட்டுக்குள்ள வர்றீங்க?"

"நான் வாசலுக்கு வர்றப்ப அண்ணனும் அப்பத்தான் வண்டியை நிறுத்துவாரு. டெலிவரி முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லுவாரு." அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. "நடந்து வர்ற எனக்கும் வண்டியில வர்ற அவருக்கும் தினம் ஒரே நேரம் ஆகுது அண்ணி."

அண்ணன் வண்டியோடு வந்து நின்றார். "ஏறு, வெயில்ல நிக்காத" என்றார் மனைவியிடம். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கி, "நான் நடந்து வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடைபாதையில் இறங்கினாள்.

அண்ணி பின்னால் ஏறினாள். இன்று காலை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை. கடையிலிருந்து கிளம்பும்போது அதில் சோப்பு மணம் தவிர வேறொன்றும் இருந்திருக்க முடியாது. வண்டி நகர்ந்ததும் அவள் நெற்றியை அவர் முதுகில் சாய்த்து, மெல்ல மூச்சை இழுத்தாள்.

சிகரெட். அதற்கு அடியில் அந்த இன்னொன்று. இப்போது அதற்குப் பெயர் இருந்தது. டாக்டரம்மாவின் இரண்டாவது குச்சி. வாய் நாற்றம் தெரியாமல் இருக்க யாரோ கிராம்பு மென்றிருக்கிறார்கள். மென்றுகொண்டு இந்த முதுகில், இதே இடத்தில், சாய்ந்திருக்கிறார்கள். அதுவும் இன்றைக்கே.

சிக்னலில் சிவப்பு விளக்கு. வண்டி நின்றது.

"என்னங்க" என்றாள் அண்ணி. குரலில் சண்டை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவளின் குரல்தான். "காலையில டெலிவரிக்குப் போனப்ப, உங்க பின்னாடி யாரு உக்காந்துட்டு வந்தாங்க?"

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். வண்டி நகரவில்லை.